நாற்பத்தோராம் நிமிடம்

அந்தக் கதவை முழுதாகச் சாத்த வேண்டாம். ஒரு சாண் திறந்தே இருக்கட்டும். குளிர்கிறது என்பவர்கள் போர்வையை இழுத்துக்கொள்ளலாம். கதவில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. காரணம் பிறகு தெரியும். நடுவில் கேள்வி கேட்பதும் கூடாது.

பேய் என்றால் நள்ளிரவும் நாய் ஊளையும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. என் தோழியின் நாத்தனாருடைய கணவருக்கு நடந்தது.

பிற்பகல் மூன்று மணி. வேலைக்குப் போனவர்கள் திரும்பாத நேரம். தெரு முழுக்க வெயில். ஆள் நடமாட்டம் இல்லை. கோடியில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது... டொக்... டொக்... கேட்பதற்கு எவரும் இல்லை. அந்தத் தெருவின் கடைசி வீட்டுக்குள் இரண்டே பேர்.

ஒருவர், தெருவார் ‘குரல்காரர்’ என்று அழைத்த அந்தக் கணவர். புத்தகங்களை ஒலிப்பதிவுக்காக வாசிப்பது அவருடைய தொழில். அவர் வாசித்த கதைகளைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்ப்பவர்கள் பலர். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் சிலர். மற்றவர், அவருடைய அக்கா. தம்பியைவிடப் பதினொரு வயது மூத்தவர். ஆறு ஆண்டுகளாக இடப்பக்கம் விளங்காமல் படுக்கையில் இருந்தார். வலக்கையும் வாயும் மட்டும் குறையின்றி இயங்கின. வாய் சற்றுக் கூடுதலாகவே இயங்கியது.

“தம்பி, தண்ணி!”

“தம்பி, ஜன்னல சாத்துடா!”

“தம்பி, ஒண்ணுமில்ல, சும்மாதான். இருக்கியான்னு பார்த்தேன்.”

குரல்காரர் பத்துப் பக்கம் வாசித்தால் அதில் மூன்று ‘தம்பி’ விழுந்துவிடும். ஒருமுறை காதலன் காதலியின் கையைப் பற்றும் இடத்தில், “தம்பி, முதுகு அரிக்குது!” என்பதும் சேர்ந்தே பதிவாகிப் பதிப்பகம் வரை போய்விட்டது. பதிப்பகத்து ஒலித் தொகுப்பாளர் தொலைபேசியில் சிரித்து மாய்ந்தாள். “சார், அந்தக் காதலனுக்கு அக்கா இருக்கிறதா கதையில வரலையே!”

குரல்காரரும் சிரித்தார். ஆனால் அன்று மாலையே தச்சருக்குச் சொல்லியனுப்பினார்.

அக்காவின் அறையை ஒட்டியிருந்த பின்னறையை ஒலிப்பதிவு அறையாக மாற்றும் வேலை இரண்டு மாதம் நடந்தது. சுவருக்கு முன்னால் ஒரு சுவர். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. நடுவில் சத்தத்தை விழுங்கும் பஞ்சு. அதன்மேல் இரட்டைப் பலகை. கதவு ஓர் ஆள் தனியாகத் தூக்க முடியாத கனம். விளிம்பெங்கும் ரப்பர் பட்டை. வீடெல்லாம் பசையின் நெடியும் பலகைத் தூசியும். அக்கா தும்மிக்கொண்டே கேலி செய்தார். “நான் ஒருத்தி கூப்பிடுறதுக்கு இவ்ளோ பெரிய கோட்டையா? நாலு பஞ்ச எடுத்துக் காதுல வெச்சுக்கலாமேடா!”

தச்சர் வாயாடி. முதன்முறை அந்தக் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், இதுக்குள்ள மாமியாரும் மருமகளும் கட்டிப்புரண்டாக்கூடத் தெருவுக்குத் தகவல் போகாது.” பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒரு வேலை பாக்கி இருக்கு. அக்கா தலைமாட்டுல ஒரு ஸ்விட்ச், உங்க மேசையில ஒரு சிவப்பு பல்பு. அவங்க அமுக்கினா உங்களுக்கு எரியும். சுவத்துல பென்சில் பருமன்ல ஒரு ஓட்டை போதும்” என்றார்.

ஸ்விட்ச் பொருத்தியாயிற்று. ஒயரும் சுவர்வரை வந்துவிட்டது. துளைபோடும் கருவியைத் தச்சர் கையில் எடுத்தபோது குரல்காரர் தடுத்தார்.

“இப்போ வேணாம். ஓட்டை போட்டா அது வழியா சத்தம் வரும். முதல்ல அறையை அளந்து பார்த்துடுறேன். எவ்ளோ தாங்குதுன்னு தெரியட்டும். அப்புறம் போடலாம்.”

“ஒரு மணி நேர வேலைதான் சார்.”

“அதான் சொல்றேனே, அப்புறம்.”

ஒயர், சுவரோரம் வால்போலத் தொங்கியது.

அளக்கும் நாள் வந்தது. மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தார். குரல்காரர் காலையில் தொடங்கினார். அறையின் நடுவில் நின்று கைதட்டினார்; சுவருக்குச் சுவர் ஓடும் அதிர்வு இல்லை. பலூனை ஊதி உடைத்தார்... பட்! அவ்வளவுதான். ஒலிக்குப் பின்னால் எதிரொலி வால் முளைக்கவில்லை. ரப்பர் வாடை மட்டும் மிஞ்சியது. வெளியே ஒலிபெருக்கியை அலறவிட்டு உள்ளே ஒலி மீட்டரால் அளந்தார், முள் அசையவில்லை. எல்லாம் முடிந்தது. ஆனால் அவருக்குத் திருப்தி வரவில்லை. எந்தச் சத்தத்துக்காக அந்த அறையைக் கட்டினாரோ, அந்தச் சத்தத்தை இன்னும் அவர் அளக்கவில்லை.

மூன்று மணிக்கு அக்காவின் அறைக்குப் போனார். அங்கு எப்போதும்போலத் தைல வாசம்.

“அக்கா, ஒரு உதவி பண்ணு. நான் உள்ள போய்க் கதவ சாத்திக்குறேன். நீ என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இரு. எவ்ளோ சத்தமா முடியுமோ அவ்ளோ சத்தமா.”

அக்காவின் கண்கள் விரிந்தன. “ஆறு வருஷமா கூப்பிடாதன்னு சொன்ன வாய் இப்போ கூப்பிடுங்குது. குடைய எடுத்து வைடா, மழை கொட்டப்போகுது.”

“நான் வந்து ‘போதும்’னு சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது.”

“நிறுத்தல. நீ மறந்துடாம வா.”

மருந்துப் புட்டிகளுக்கு நடுவே, உள்ளங்கை அளவுப் பதிவுக்கருவி ஒன்றை ஓடவிட்டு வைத்தார். உள்ளே பெரிய மைக்கும் பதிவுசெய்துகொண்டிருந்தது. இரண்டு பதிவுகளையும் பின்னால் விநாடி பிசகாமல் பொருத்த வேண்டும் அல்லவா? அதற்காக, இரு அறைக் கதவுகளும் திறந்திருக்க, நடையில் நின்று ஒரே ஒருமுறை கைதட்டினார். அந்தத் தட்டு இரண்டிலும் விழும். பிறகு உள்ளே போய்க் கனத்த கதவை இழுத்தார். அது ‘துப்’ என்று மூடிக்கொண்டது.

அமைதி... தன் கழுத்து நரம்பு துடிப்பது தனக்கே கேட்கும் அமைதி. மீட்டரைப் பார்த்தார். முள் படுத்துக் கிடந்தது. சுவருக்கு அப்பால் அக்கா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். ஒரு துளி வரவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். சோதனை முடிந்தது. எழுந்து போய் ‘போதும்’ என்று சொல்ல வேண்டும்.

அவர் எழவில்லை. ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக அவரை யாரும் கூப்பிடவில்லை. மேசைமேல் புத்தகம் இருந்தது. ஒரு பக்கம் வாசித்துப் பார்ப்போம் என்று ஹெட்போனை மாட்டினார். குரல், வெண்ணெயில் இறங்கிய கத்திபோல வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்னும் ஒரு பக்கம் என்று நினைத்தார். அக்கா இன்னமும் கூப்பிட்டுக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு வராமல் இல்லை. இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அவர் பக்கத்தைத் திருப்பினார்.

கதவைத் திறந்தபோது மணி நான்கு ஐம்பது.

வீடு அமைதியாக இருந்தது. தூங்கிவிட்டார் என்று எண்ணிக்கொண்டு, நடையில் அடிமேல் அடிவைத்து நடந்தார். சுவரோரம் கிடக்கும் நாற்காலி கட்டிலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. அதில் உட்கார்ந்தார், அக்காவின் கையைத் தொட்டார். பிறகு, நெடுநேரம் அசையவில்லை.

வலக்கை விரல்கள் ஸ்விட்சின்மேல் இருந்தன. எங்கும் இணைக்கப்படாத ஸ்விட்ச். அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போர்வைக்குள் வைத்தார். அதன் பிறகுதான் மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னார்: “அக்கா தூக்கத்துலயே போயிட்டா.”

ஒரு பொய்தான். ஆனால் அதற்குப் பலர் தண்ணீர் ஊற்றினார்கள். “நோகாம போயிட்டாங்க” என்றார்கள் வந்தவர்கள். “பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்க மாட்டான்” என்று அவர் தோளைத் தட்டினார்கள். மனைவி எல்லாரிடமும் சொல்லி அழுதார்: “ஆறு வருஷம், ஒரு நாள் முகம் சுளிச்சதில்லைங்க.” ஒவ்வொரு பாராட்டும் அவர்மேல் ஒரு செங்கல்லாக ஏறியது. தச்சரும் வந்தார். அந்த வாயாடி தொங்கிய ஒயரைப் பார்த்தார். குரல்காரரைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிவதற்குள் குரல்காரர் அந்த ஒயரை அறுத்துச் சுருட்டிக் குப்பையில் போட்டார். மருந்துப் புட்டிகளை யாரோ ஓர் அட்டைப்பெட்டியில் வாரிக் கட்டிலடியில் தள்ளியிருந்தார்கள். அவற்றோடு பதிவுக்கருவியும் போயிற்று. அது மறந்துபோய்விட்டதாக அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, வேலைக்குத் திரும்பினார். தினமும் மூன்று மணிக்குப் போவார், கதவைச் சாத்துவார், ஒரு மணி நேரம் வாசிப்பார். நான்கு கோப்புகளை அனுப்பினார். தொகுப்பாளரிடமிருந்து அழைப்பு வந்தது. இம்முறை அவள் சிரிக்கவில்லை.

“சார், பதிவுல ஒரு ஓட்டை இருக்கு. நாலு செகண்ட். உங்க குரல் இல்ல.”

“மூச்சு விட்டிருப்பேன்மா.”

“மூச்சும் இல்ல சார். எந்த அறையா இருந்தாலும் அதுக்குன்னு ஒரு மெல்லிசு இரைச்சல் இருக்கும், உங்களுக்குத் தெரியாததா? அதுகூட இல்ல. சுத்தமா வழிச்சு எடுத்த மாதிரி இருக்கு. அப்புறம்... நாலு கோப்புலயும் ஒரே இடத்துல சார். நாப்பத்தியோராவது நிமிஷம்.”

மைக்கை மாற்றினார். ஒயரை மாற்றினார். கணினியையே மாற்றினார். நிறுத்தாமல் வாசித்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. போட்டுக் கேட்டால் நாற்பத்தோராம் நிமிடத்தில் நான்கு விநாடி அவர் இல்லை. சொல் பாதியில் அறும். அப்பால், வேறு சொல்லின் நடுவில் தொடரும்.

அந்த வாரத்தில் ஒருநாள் மனைவி விடுப்பில் வீட்டிலிருந்தார். மாலையில் தேநீரை ஆற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு மெல்லக் கேட்டார்.

“என்னங்க... மத்தியானம் அக்கா ரூம்ல உட்கார்ந்து பேசிட்டிருந்தீங்களே. நான் வேணும்னுதான் எட்டிப் பார்க்கல. பேசுங்க. மனசு ஆறட்டும்.”

“நான் எங்க அங்க போனேன்? உள்ளதான் வாசிச்சுட்டிருந்தேன்.”

“நாற்காலிய இழுத்துப் போட்ட சத்தம் கேட்டுது. அப்புறம் உங்க குரல். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு அது தெரியாதா?”

“என்ன... என்ன சொன்னேன்?”

“‘போதும்கா’ன்னீங்க.”

“எத்தனை மணிக்கு?”

“மூணே முக்கால் இருக்கும். என்னங்க, டீ கொட்டுது பாருங்க!”

அன்று இரவு மனைவி உறங்கிய பின், அவர் கட்டிலடியிலிருந்து அட்டைப்பெட்டியை இழுத்தார். தைல வாசம் முகத்தில் அடித்தது. கருவிக்குப் பேட்டரி மாற்றி, ஒலிப்பதிவு அறைக்குள் கொண்டுபோய், ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

முதலில் கைதட்டு. பிறகு கதவு... துப்.

“தம்பி!” அக்காவின் குரல், காதுக்குள்ளேயே. “தம்பீ! கேக்குதா? கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லு!” தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார். “டேய், குரல்காரா! உனக்குப் பேசக் கத்துக்கொடுத்தவ கூப்பிடுறேன்டா!” இப்படியே போயிற்று. பத்து நிமிடம். இருபது நிமிடம். குரல் கட்டியது, இருமினார், மறுபடி அழைத்தார். சொன்ன சொல் தவறாதவர். முப்பதாம் நிமிடத்தில், “போதுமாடா? தொண்டை காஞ்சுபோச்சு” என்றார்.

முப்பத்தெட்டாம் நிமிடத்தில் குரல் மாறியது.

“தம்பி... இது டெஸ்ட் இல்லடா. நெஞ்சை என்னமோ பண்ணுது. நிஜமாத்தான்டா கூப்பிடுறேன்.”

பிறகு, ஸ்விட்ச். டிக்... டிக்... டிக்... டிக்...

குரல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஹெட்போனை மட்டும் கழற்றவில்லை. அந்த உரிமை தமக்கு இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

நாற்பத்தோராம் நிமிடம். நடையில் வெறுங்கால் நடந்துவரும் ஓசை. அவசரமில்லாத நடை. நாற்காலி தரையில் உராயும் ஓசை. ஒருவர் உட்காரும்போது மரம் முனகும் ஒலி. அப்புறம்... அவருடைய குரல்.

“போதும்கா... கேட்டுடுச்சு.”

நான்கு விநாடி.

“வந்துட்டியாடா...” என்றார் அக்கா. அந்தக் குரலில் வலி இல்லை. ஸ்விட்ச் ஓசை நின்றது. மூச்சு ஒன்று... இன்னொன்று... அதற்குமேல் இல்லை.

விடியற்காலையில் அவர் மனைவியை எழுப்பினார். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று, ஒலிப்பதிவு அறைக் கதவைத் திறந்துவைத்து உள்ளே உட்காரச் சொன்னார். சொல்வதற்குப் பதில் பதிவை ஓடவிட்டார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நாற்பத்தோராம் நிமிடம் வந்ததும் நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையை இறுகப் பற்றினார்.

“போயிருக்கீங்களே! கடைசி நேரத்துல பக்கத்துல போய் உட்கார்ந்திருக்கீங்க. அவங்க நிம்மதியா போயிருக்காங்க. அதிர்ச்சியில உங்களுக்கு மறந்துபோச்சு. இதுக்கா இத்தனை நாளா உள்ளுக்குள்ளயே வெந்துட்டிருந்தீங்க?”

குற்றவாளிக்கு விடுதலைச் சீட்டு எழுதி, கையெழுத்தும் போட்டு, அவர் முன்னால் வைத்தாயிற்று. ‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். எஞ்சிய காலத்துக்குச் செங்கற்கள் இறங்கிவிடும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்ததை அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

“இல்ல” என்றார். “நான் போகல. அவ கூப்பிட்டுட்டே இருப்பான்னு தெரிஞ்சும் போகல. ஸ்விட்சுக்கு ஓட்டை போட வேணாம்னு சொன்னதும் நான்தான். இங்க பாரு.”

அக்கா போன அன்று உள்ளே பெரிய மைக்கில் பதிவானதைத் திறந்தார். இரண்டு கைதட்டுகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொருத்தினார். ஓடவிட்டார். இந்தப் பக்கம் அக்கா அழைக்கிறார். அந்தப் பக்கம் தம்பி வாசிக்கிறார். முப்பத்தெட்டாம் நிமிடம், இந்தப் பக்கம் டிக்... டிக்... அந்தப் பக்கம் ஒரு தாள் திரும்புகிறது. நாற்பத்தோராம் நிமிடத்தில் அந்தப் பக்கத்துக் குரல் சொல்லின் நடுவில் அறுந்தது. நான்கு விநாடி, மூச்சுகூட இல்லாத வெறுமை. பிறகு, ஒன்றுமே நடவாததுபோல வாசிப்புத் தொடர்ந்தது.

மனைவி பற்றியிருந்த கையை மெதுவாக விட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்போ... அங்க வந்து உட்கார்ந்தது யாரு?”

சின்னக் கருவியின் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிவரை கேட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குமேல், தெருக்கோடிக் குழாயின் சொட்டும் ஓசை மட்டும். வந்த காலடி திரும்பிப் போகவில்லை. முடிவில் கனத்த கதவு திறக்கிறது. நடையில் குரல்காரரின் கால்கள் அடிமேல் அடிவைத்து வருகின்றன. அவர் அறைக்குள் காலெடுத்து வைக்கும் நொடியில், நாற்காலி ஒருமுறை முனகுகிறது... உட்கார்ந்திருந்தவர் எழுந்து இடம் விடுவதுபோல.

குரல்காரர் பதிவை நிறுத்தினார். அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போதுதான் மனைவியிடம் சொன்னார்.

அன்று அவர் போய் உட்கார்ந்தபோது, அக்காவின் கை குளிர்ந்திருந்தது. நாற்காலி சூடாக இருந்தது.